எல்லாம் அவருக்குத்தான் தெரியும்!

கணவர் மறைந்த பிறகு வீட்டை நடத்துவது எப்படி? அறுபதைக் கடந்த பெண்களின் முன்னால் நிற்கும் சிலிண்டர், செக், செட்டில்மென்ட் பத்திரம்... ஒரு முழுப் பார்வை.

கரன்ட் பில் ஒற்றைப்படை மாதமா, இரட்டைப்படை மாதமா? வீட்டு வரி ரசீது எந்த ஃபைலில் இருக்கிறது? லாக்கர் சாவி பீரோவிலா, பூஜை அலமாரியிலா? எல்.ஐ.சி பாலிசி மொத்தம் எத்தனை? இன்வெர்ட்டருக்கு எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும்? யாருக்காவது கைமாற்றுக் கொடுத்திருக்கிறாரா? துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கிளம்பி, வாசல் பந்தலையும் பிரித்த பிறகு ஒவ்வொன்றாக எழும் இந்தக் கேள்விகளுக்கு நம் வீடுகளில் ஒரே பதில்தான்: "எல்லாம் அவருக்குத்தான் தெரியும்."

இத்தனைக்கும் நாற்பது வருஷம் அந்த வீட்டை நடத்தியவர் அந்த அம்மாள்தான். பால் கணக்கு, மளிகைக் கணக்கு, பிள்ளைகளின் ஃபீஸ், நாத்தனார் வீட்டுச் சீர் எல்லாம் அவருக்கு அத்துப்படி. கையில் வருவது எவ்வளவோ அதற்குள் மாதத்தை ஓட்டிய நிதி நிர்வாகி அவர். ஆனால் வாசற்படிக்கு வெளியே இருக்கும் வங்கி, மின்வாரியம், தாலுகா ஆபீஸ், கேஸ் ஏஜென்சி எல்லாம் அய்யாவின் இலாகா. அந்த இலாகாவை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அப்படியே நடந்து வந்தது.

இது ஓரிரு வீட்டுக் கதை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கணவரை இழந்த பெண்கள் 4 கோடிக்கும் அதிகம். மனைவியை இழந்து தனித்திருக்கும் ஆண்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அறுபது வயதைக் கடந்த பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் துணையில்லாதவர்கள். காரணம் எளிது. நம் ஊரில் மாப்பிள்ளை பெண்ணைவிட நான்கைந்து வயதாவது மூத்தவர். ஆயுளும் பெண்ணுக்குத்தான் கூடுதல். 'யார் முந்துவோமோ' என்று தம்பதிகள் பேசிக்கொள்வதுண்டு. கணக்குப்படி பெரும்பாலும் முந்துகிறவர் கணவர்தான். அவருக்குப் பின் பத்து வருஷமோ அதற்கு மேலுமோ அந்த வீட்டை நடத்தப் போகிறவர் மனைவி.

விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856-ல். இளம் விதவைகளைப் படிக்க வைக்க சகோதரி சுப்புலட்சுமி சென்னையில் இல்லம் தொடங்கியது 1912-ல். வெள்ளைச் சேலை, பொட்டு, பூ, மறுமணம் என்று நூறு வருஷத்துக்கு மேல் பேசியாகிவிட்டது. இன்னும் பேச வேண்டியும் இருக்கிறது. ஆனால், அறுபத்தெட்டு வயதில் தனியாகிற பெண்ணுக்கு முதல் மாதமே தேவைப்படுவது ஓ.டி.பி. அதைப் பற்றி நாம் பேசுவதில்லை.

இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றைக் கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம்கூட ஆகாது. அப்படியிருந்தும் அம்மாக்கள் தடுமாறுகிறார்கள் என்றால் காரணம், பெயர், எண், சாவி, கையெழுத்து எல்லாமே போனவர் பேரில் இருப்பதுதான். போன பிறகு அவை அம்மாவின் கைக்கு வராமல் நேரே மகன் கைக்கோ மருமகன் கைக்கோ போய்விடுகின்றன.

காரியமும் காகிதமும்

சம்பிரதாயம் அவரை வீட்டுக்குள் உட்காரச் சொல்கிறது. பதினாறாம் நாள் காரியம், அதன் பிறகு மாசியம், ஒரு வருஷம் ஆகும்வரை எங்கும் போகக் கூடாது என்று சில வீடுகளில். காகிதமோ அவரை உடனே வெளியே வரச் சொல்கிறது. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழ் கையில் வந்தால்தான் மற்ற எதுவும் நகரும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து தாசில்தார் அலுவலகத்திலிருந்து வர வேண்டும். குடும்ப ஓய்வூதியம், இன்ஷூரன்ஸ், வங்கி எல்லாம் வரிசையில் நிற்கின்றன.

இந்த இடைவெளியில்தான், "நீ ஏம்மா அலையறே, நான் பாத்துக்கறேன்" என்று பிள்ளை முன்னால் வருகிறான். பாசத்தோடுதான் வருகிறான். ஏ.டி.எம் கார்டு அவன் சட்டைப் பைக்குப் போகிறது. படிவங்களில் அவன் செல்நம்பர் எழுதப்படுகிறது. 'இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு' என்று விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் அம்மா கையெழுத்துப் போடுகிறார். மூன்று மாதம் கழித்து, கோயிலுக்குப் போக ஆட்டோவுக்கு நூறு ரூபாய் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டிய நிலைக்கு அவர் வந்திருப்பார். யாரும் அவரை ஏமாற்றவில்லை. யாரும் அவரைக் கேட்கவுமில்லை.

பிள்ளைகள் துணைக்கு நிற்க வேண்டியதுதான். ஆனால் முதல் நாளிலிருந்தே ஒரு ஒழுங்கு வேண்டும். எந்தப் படிவமாக இருந்தாலும் அம்மா வாசித்து, அல்லது வாசிக்கக் கேட்டு, புரிந்த பிறகே கையெழுத்து. எந்த அலுவலகமாக இருந்தாலும் அம்மாவும் கூட வர வேண்டும். வங்கி மேலாளரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த முறை அவர் தனியாகப் போவார்.

இறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. அதைவிடப் பெரிய தலைவலி அம்மாவின் பெயர். பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், குடும்ப அட்டையில் கணவர் இனிஷியல், ஆதாரில் 'லட்சுமி', ஓய்வூதிய ஆணையில் 'மகாலட்சுமி'. ஆயுள் முழுக்க இந்த வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. இப்போது ஒவ்வொரு கவுன்டரிலும் 'இவங்கதான் அவங்கன்னு எப்படித் தெரியும்?' என்று கேட்பார்கள். கணவர் இருக்கும்போதே திருத்தியிருந்தால் அரை நாள் வேலை.

அவர் நம்பர்

இன்றைய வீட்டின் உண்மையான சாவி செல்போன் எண்தான். கேஸ் புக் செய்வது கணவரின் நம்பரிலிருந்து. சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்கும் டெலிவரி எண் வருவதும் அதில்தான். மின்கட்டண எஸ்.எம்.எஸ், வங்கி ஓ.டி.பி, இன்ஷூரன்ஸ் நினைவூட்டல் எல்லாம் அங்கேயே. துக்க வீட்டில் முதலில் அணைந்துபோவதும் அந்த போன்தான். சார்ஜ் போட ஆளில்லாமல் அலமாரிக்குப் போகும். ரீசார்ஜ் தீரும். மூன்று மாதம் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் இணைப்பு ரத்தாகலாம். பிறகு அதே எண் வேறு யாருக்கோ போய்ச் சேரலாம்.

ஆகவே முதல் வேலை, அந்த சிம்மைக் குறைந்தபட்ச ரீசார்ஜிலாவது உயிரோடு வைத்திருப்பது. அடுத்தது, கேஸ், மின் இணைப்பு, குடும்ப அட்டை, ஆதார் என்று ஒவ்வொன்றிலும் அம்மாவின் சொந்த எண்ணைப் பதிவது. எல்லாம் முடிந்த பிறகு பழைய எண்ணை விடலாம். அந்த எண்ணில் வரும் ஓ.டி.பி-யை வைத்து அவர் கணக்கிலிருந்து பணம் எடுப்பது மட்டும் கூடாது. கணக்குதாரர் இறந்த பிறகு அவருடைய ஏ.டி.எம் கார்டையோ யு.பி.ஐ-யையோ பயன்படுத்துவது முறையல்ல. மற்ற வாரிசுகள் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும்.

சொந்த எண் என்று சொல்லும்போது பலரும் மறப்பது, அந்த போன் அம்மாவின் கையில் இருக்க வேண்டும் என்பதை. மகளின் எண்ணைக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெங்களூரில் மீட்டிங்கில் இருக்கும் மகளை எழுப்ப வேண்டும்.

கூடவே ஓர் எச்சரிக்கை. தனியாக இருக்கும் வயதான பெண்கள் மோசடிக்காரர்களுக்குப் பிடித்த இலக்கு. 'உங்கள் பென்ஷன் நின்றுவிடும்', 'கே.ஒய்.சி முடியவில்லை', 'உங்கள் பெயரில் பார்சலில் போதைப்பொருள்' என்று ஏதாவது ஒரு கதை வரும். எந்தப் போலீஸும் வீடியோ காலில் யாரையும் கைது செய்வதில்லை. எந்த வங்கியும் ஓ.டி.பி கேட்பதில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிப் பிடிக்க வாய்ப்பு உண்டு.

பென்ஷன் குறையும், செலவு குறையாது

மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவரின் முழு ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. அவர் மறைந்த பின் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். ஓய்வுபெற்ற சில ஆண்டுகளிலேயே இறந்திருந்தால் குறிப்பிட்ட காலம்வரை உயர்த்தப்பட்ட விகிதம் கிடைக்கும். எழுபத்தைந்தில் போனவரின் மனைவிக்கு அது கிடையாது. அதாவது 30,000 ரூபாய் வந்துகொண்டிருந்த வீட்டில் இனி 18,000. வீட்டு வரி, கேபிள், வேலைக்கார அம்மா சம்பளம், பால்காரர் எவரும் ஐந்தில் இரண்டு பங்கைக் குறைத்துக்கொள்ள மாட்டார்கள். தனியார் வேலையில் இருந்து பி.எஃப் பென்ஷன் வாங்கியவராக இருந்தால் மனைவிக்குக் கிடைப்பது அதில் பாதி; 2014-லிருந்து குறைந்தபட்சம் 1,000 ரூபாய்.

இந்தக் கணக்கை முதல் மாதமே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். வருவது எவ்வளவு, கட்டாயச் செலவு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு. இரண்டு வருஷம் கழித்து டெபாசிட் கரைந்த பிறகு போடும் கணக்கால் பிரயோஜனமில்லை.

ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் இறப்பை உடனே தெரிவிக்க வேண்டும். தாமதித்தால் அவர் கணக்கில் ஓய்வூதியம் ஏறிக்கொண்டே இருக்கும். பின்னால் அதைத் திரும்பப் பிடிப்பார்கள். அதற்குள் அந்தப் பணம் காரியச் செலவில் கரைந்திருக்கும். இன்னொரு நுணுக்கம்: 80 வயதில் குடும்ப ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும். ஆனால் ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பிறந்த தேதி இருந்தால்தான் அது தானாக வரும். பழைய ஆணைகள் பலவற்றில் அந்த இடம் காலி. இன்றே எடுத்துப் பார்த்துவிடலாம்.

வருஷா வருஷம் உயிர்வாழ்ச் சான்று கொடுப்பதற்கு இப்போது கருவூலப் படியேற வேண்டியதில்லை. 2014-ல் வந்த ஜீவன் பிரமாண் மூலம் வீட்டிலிருந்தே பதியலாம். செல்போனில் முகத்தைக் காட்டினால் போதும். அது பிடிபடாவிட்டால் தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்து, 70 ரூபாய் கட்டணத்தில் முடித்துக்கொள்ளலாம். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரும்படி வங்கிகளிடம் ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

வங்கிக் கணக்கு இருவர் பேரிலும், 'ஈதர் ஆர் சர்வைவர்' என்ற முறையில் இருந்தால் பாதித் தொல்லை இல்லை. நாமினி இருந்தாலும் சரிதான். இறப்புச் சான்றிதழையும் தன் அடையாளச் சான்றையும் கொடுத்து 15 நாட்களுக்குள் பணத்தைப் பெறலாம். நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று கேட்கத் தேவையில்லை. இரண்டும் இல்லாவிட்டால்தான் அலைச்சல். ஆனால் ஒன்று: நாமினி என்றாலே பணம் அவருக்குச் சொந்தம் என்று பொருளல்ல. வாரிசுகளின் சார்பில் வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமைதான் அது என்று உச்ச நீதிமன்றம் இன்ஷூரன்ஸ் வழக்கொன்றில் 1984-லேயே சொல்லிவிட்டது. வங்கிக் கணக்கில் மகனின் பெயரை நாமினியாகப் போட்டிருந்தாலும் மனைவியின் பங்கு போய்விடாது.

கணவருடைய பாஸ்புக்கை வரிவரியாகப் படிப்பது பலன் தரும் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை 20 ரூபாய் பிடித்தம் தெரிந்தால், அது பிரதமரின் விபத்துக் காப்பீடாக இருக்கலாம். விபத்தில் இறந்தவர் 70 வயதுக்குள் இருந்திருந்தால் 2 லட்சம் ரூபாய் வரும். எங்கோ மறந்துபோன டெபாசிட் இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், ரிசர்வ் வங்கி 2023-ல் தொடங்கிய 'உத்கம்' தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்.

வீடு யார் பேரில்?

"வீடு அம்மாவுக்குத்தானே" என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணவர் தன் சம்பாத்தியத்தில் தன் பெயரில் வாங்கிய வீடு, உயில் இல்லை என்றால், 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சம பங்கு. கணவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. இரண்டு மகன், ஒரு மகள் என்றால் அம்மாவுக்குக் கால் வீடு. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. முஸ்லிம் குடும்பத்தில் எட்டில் ஒரு பங்கு. எஞ்சிய காலம் முழுவதும் அந்த வீட்டில் மனைவி நிம்மதியாக இருக்க வேண்டுமென்று விரும்பும் கணவர், உயில் எழுதாமல் போகக் கூடாது.

மறுபக்கம், அம்மாவின் பங்கு அவருக்கு முழு உரிமையுள்ள சொத்து. விற்கலாம், கொடுக்கலாம், உயில் எழுதலாம். அதனால்தான் வருஷம் திரும்புவதற்குள் ஒரு பத்திரம் வீட்டுக்கு வருகிறது. விடுதலைப் பத்திரம் என்பார்கள். தான செட்டில்மென்ட் என்பார்கள். 'லோன் வாங்கத்தான்', 'பட்டா மாத்தத்தான்', 'ஃபார்மாலிட்டிதான்' என்பார்கள். பத்திர அலுவலகத்தில் போட்டோ எடுத்து, கைரேகை வைத்து வெளியே வரும்போது, நாற்பது வருஷம் வாழ்ந்த வீட்டில் அவர் விருந்தாளி.

துக்கம் நடந்த முதல் வருஷம் எந்தச் சொத்துப் பத்திரத்திலும் கையெழுத்து வேண்டாம். அப்புறமும் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், தன்னை ஆயுள்வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும், அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவு அப்போது கைகொடுக்கும். எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளைகள் கைவிட்டால், கோட்டாட்சியரிடம் மனுச் செய்து பத்திரத்தையே ரத்து செய்ய முடியும். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தாயின் வழக்கில், இந்தச் சட்டத்தை முதியவருக்கு ஆதரவாகவே விரிவாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெண் என்ற ஒரு தகுதியே இலவசச் சட்ட உதவி பெறப் போதும், வருமானம் பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

சிலிண்டர், மோட்டார், டிரிப்பான சுவிட்ச்

சமையலறையில் வாழ்நாளைக் கழித்தவர்களில் எத்தனையோ பேர் சிலிண்டரை ஒருமுறைகூட மாட்டியதில்லை. கற்றுக்கொள்ள ஐந்து நிமிஷம். சீலைப் பிரித்து, வெள்ளைக் கயிற்றை மேலே இழுத்தால் மூடி கழன்று வரும். உள்ளே கறுப்பு வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரெகுலேட்டரின் திருகு 'ஆஃப்'பில் இருக்கட்டும். அதன் கறுப்பு வளையத்தை மேலே தூக்கிப் பிடித்தபடி வால்வின் மேல் அழுத்தி வைத்து, வளையத்தை விட்டால் 'டக்'கென்று சத்தம் கேட்கும். பிறகு சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்க்க வேண்டும். குமிழ் வந்தால் கசிவு. தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். கசிந்தால் ரெகுலேட்டரை எடுத்து, மூடியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு போன் செய்ய வேண்டும்.

தூக்குவதுதான் கஷ்டம். 14.2 கிலோ கேஸும் சிலிண்டரின் சொந்த எடையும் சேர்ந்து 30 கிலோவை ஒட்டி வரும். ஆனால் எடை போட்டுக் காட்டி, கசிவு பார்த்துத் தருவது டெலிவரி செய்பவரின் கடமை. சமையலறைவரை கொண்டுவந்து மாட்டிக் கொடுக்கச் சொல்லத் தயங்க வேண்டாம். சக்கரம் வைத்த ஸ்டாண்டு நூறு, இருநூறுகளில் கிடைக்கிறது. தனி ஆளுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது.

மின்பெட்டியில் எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று சின்னத் தாளில் எழுதி ஒட்டிவிட வேண்டும். ஒரு சுவிட்ச் விழுந்தால் ஒருமுறை தூக்கிவிடலாம். மறுபடியும் விழுந்தால் மிக்ஸி, கீசர், அயர்ன்பாக்ஸ் என்று பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி தெரியும். அப்போதும் நிற்காவிட்டால் எலெக்ட்ரீஷியன். இன்வெர்ட்டர் பேட்டரியில் மிதவை சிவப்புக் கோட்டுக்கு இறங்கினால் டிஸ்டில்ட் வாட்டர். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் பேட்டரி போச்சு. மோட்டாரில் 'ஏர் பிடித்து'க்கொண்டால் மூடியைத் திறந்து தண்ணீர் நிரப்பிவிட்டுப் போட வேண்டும். டேங்க் நிரம்பினால் தானே நிற்கும் கருவி வைத்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த வயதில் இடுப்பு எலும்பு உடைந்தால், காப்பாற்றிய சுதந்திரம் அத்தனையும் கட்டிலோடு போய்விடும்.

தனியாக இருக்கும் வீட்டுக்குத் தெரியாத ஆண் பிளம்பரைக் கூப்பிடுவதில் இருக்கும் தயக்கம் நியாயமானது. பகலில் மட்டும் வரச் சொல்வது, எதிர்வீட்டில் சொல்லி வைப்பது, வேலை தொடங்கும் முன்பே கூலியைப் பேசிவிடுவது ஆகியவை போதும். மின்வெட்டு, தொங்கும் ஒயர், பில் சந்தேகம் எதுவாக இருந்தாலும் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண் இருக்கிறது.

ஒரு ஆளுக்கு என்ன சமையல்?

மனைவியை இழந்த ஆணுக்குச் சமைக்கத் தெரியாமல் வயிறு காயும். கணவரை இழந்த பெண்ணுக்குச் சமைக்கத் தெரிந்தும் வயிறு காயும். 'ஒருத்திக்காக எதுக்கு அடுப்பை மூட்டணும்' என்று தயிர்சாதம், ஊறுகாய். காலையில் வடித்ததே ராத்திரிக்கும். குழம்பில் அவருக்குப் பிடித்த காய் போட்டே பழகியதால், தனக்கு எது பிடிக்கும் என்று யோசித்தே வருஷக்கணக்காகியிருக்கும். இது சிக்கனமும் அல்ல, விரதமும் அல்ல. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள உடம்புக்குப் பருப்பும் காயும் தினமும் வேண்டும். ஒரு நாள் சாம்பார் வைத்து அடுத்த வீட்டுக்குக் கொஞ்சம், மறுநாள் அங்கிருந்து கூட்டு என்று மாற்றிக்கொள்ளும் தோழிகள் பல தெருக்களில் இருக்கிறார்கள். சமையலோடு பேச்சுத்துணையும் நடக்கிறது.

அந்தத் தோழமைக்கு இன்னொரு பயன் உண்டு. காலை ஏழு மணிக்குள் வாசல் விளக்கு அணையவில்லை, பால் பாக்கெட் எடுக்கப்படவில்லை என்றால் எதிர்வீட்டிலிருந்து போன் வர வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். ஒரு மாற்றுச் சாவி அங்கே இருக்கட்டும். குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாமல் கதவைச் சாத்தினால் போதும். அமெரிக்காவிலிருந்து மகன் பார்க்கும் கேமராவைவிட எதிர்வீட்டுக் கண் சீக்கிரம் வந்து சேரும்.

கிராமம் கற்றுத்தரும் பாடம்

நகரத்து அம்மாவுக்கு வங்கிப் படிவம் மலைப்பாக இருக்கும்போது, கிராமத்தில் பல பாட்டிமார் அதை அநாயாசமாகக் கையாள்கிறார்கள். காரணம், 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள். தீர்மானம் எழுதி, கடன் வாங்கி, தவணை கட்டி, மேலாளரோடு வாதாடியவர்கள் அவர்கள். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். அன்று முப்பது வயதில் ஹேண்டில்பாரைப் பிடித்தவர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். குடத்தையோ கூலியையோ எடுத்துவர யார் தயவுக்கும் காத்திருக்காத பழக்கம் துக்கத்துக்குப் பிறகும் அவர்களோடு இருக்கிறது.

வசதி இல்லாதவர்களின் போராட்டம் வேறு. ஆதரவற்ற விதவை உதவித்தொகை தமிழகத்தில் 2023-ல் 1,000-லிருந்து 1,200 ரூபாயானது. மத்திய அரசும் பங்கு தரும் விதவை ஓய்வூதியத்தில்கூட அதன் பங்கு 300 ரூபாய்தான். களையெடுத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாமல் ரேஷன் கடையிலிருந்து திரும்புகிறவர்கள் உண்டு. முதியவர்களின் வீட்டுக்கே பொருளைக் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து. அதே ஆண்டு பெண்களுக்கு வந்த கட்டணமில்லா நகரப் பேருந்துப் பயணம், பேத்தி வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக யாரிடமும் சில்லறை கேட்க வேண்டாம் என்றாக்கியது.

இருவரும் இருக்கும்போதே...

● எல்லாக் கணக்குகளையும் இருவர் பேருக்கு மாற்றுங்கள். நாமினி பெயரைச் சரிபாருங்கள்.
● ஓய்வூதிய ஆணை, ஆதார், பாஸ்புக் மூன்றிலும் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கட்டும்.
● பாலிசி, டெபாசிட், கடன், லாக்கர், வரி விவரங்களை ஒரே நோட்டில், மனைவி படிக்கும் மொழியில் எழுதுங்கள்.
● எலெக்ட்ரீஷியன், பிளம்பர், கேஸ், மருந்துக்கடை எண்களைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.
● உயில் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு வையுங்கள்.
● மாதத்தில் ஒருமுறை வங்கி வேலையையும் மின்கட்டணத்தையும் மனைவி செய்யட்டும். அன்றைக்கு நீங்கள் சமையுங்கள்.

பிள்ளைகளுக்கு

சுதந்திரம் என்றால் எழுபது வயதில் எல்லா வேலையையும் தானே இழுத்துப்போட்டுச் செய்வது என்று பொருள் இல்லை. யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு கொடுப்பது, எந்த வீட்டில் இருப்பது என்ற முடிவு அம்மாவிடம் இருப்பதுதான். 'மூணு மாசம் அங்க, மூணு மாசம் இங்க' என்று பெட்டியோடு அனுப்புவதற்கு முன் அவரைக் கேட்க வேண்டும். அவர் தன் வீட்டிலேயே இருக்கிறேன் என்றால் அதற்கு வழி செய்து கொடுக்க வேண்டும். ஏ.டி.எம் கார்டைத் திருப்பிக் கொடுங்கள். ரகசிய எண்ணை அவரே மாற்றட்டும். பக்கத்தில் உட்காருங்கள், பொத்தானை அவர் அழுத்தட்டும். நீங்கள் நடக்கக் கற்றபோது அவர் காட்டிய பொறுமையில் பாதி இதற்குப் போதும்.

தவறுகள் நடக்கும். செக்கில் தேதியை மாற்றி எழுதுவார், வங்கி திருப்பி அனுப்பும், இன்னொன்று எழுதுவார். எலெக்ட்ரீஷியனிடம் இருநூறு ரூபாய் கூடக் கொடுத்து ஏமாறுவார். பத்திரத்தில் கையெழுத்து, போனில் ஓ.டி.பி இந்த இரண்டில் மட்டும் உஷாராக இருந்துவிட்டால், மற்ற எந்தத் தவறிலும் குடும்பம் மூழ்கிவிடாது. அப்பாவும் இப்படி நாலு பேரிடம் ஏமாந்துதான் விலைவாசி கற்றார். அன்று அவரிடமிருந்து யாரும் பர்ஸைப் பிடுங்கி வைத்துக்கொள்ளவில்லை.